ரயில் போன பாதையில் சைக்கிள்: பர்கண்டியில் ஆறு நாள்

(சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். இதழுக்காக அவரே சரிபார்த்துக் கொடுத்தார்.)

"பதினைந்து நிமிஷம் பேசுங்க மேடம், நாலு போட்டோ காட்டுங்க, போதும்" என்று செகரட்டரி சார் சொன்னார். முப்பது வருஷம் பள்ளியில் புவியியல் நடத்தியவளிடம் மைக்கைக் கொடுத்தால் பதினைந்து நிமிஷத்தில் முடியாது என்பது உங்களுக்கே தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். டீ எட்டு மணிக்குத்தான் வருகிறதாம்.

லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான். "இந்த வயசில் ரெண்டு பேரும் பிரான்சில் சைக்கிளா? பயமா இல்லையா?" நான் 61, அவர் 66. கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதிலைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். ஈஃபில் கோபுரம் பற்றி எதுவும் இருக்காது. பாரிசில் நாங்கள் விமானம் மாறினோம், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம் என்று உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறார். ஏழு வருஷத்துக்கு முன்புவரை காய்கறி வாங்கவும் வங்கிக்கும் சைக்கிளில்தான் போவார். மெஷின் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டினால் காற்று மைக்கில் பட்டு ஒரே இரைச்சலாகக் கேட்குமாம். கழற்றிவிட்டு ஓட்டினால் பின்னால் வரும் ஹாரன் கேட்காது. நம் ஊர்ச் சாலையில் பின்னால் வருபவர் ஹாரன் அடித்துவிட்டாரென்றால் தன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார். விலகுவது முன்னால் போகிறவரின் பாடு. ஒருநாள் ஒரு வேன் முழங்கையை உரசிக்கொண்டு போனது. அன்றைக்குச் சைக்கிளை நிறுத்தியவர்தான். காற்று இறங்கிய டயரோடு அது பார்க்கிங்கில் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் பெண் வேலை காரணமாக லியோன் நகரில் இருக்கிறாள். போன வருஷம் அவளிடம் போவதாக முடிவானதும், "அம்மா, அப்பா ஓட்டுகிற மாதிரி ஒரு பாதை இங்கே இருக்கு. பின்னால எதுவும் வராது" என்றாள். எனக்கு அந்தக் கடைசி வார்த்தை போதுமாக இருந்தது.

அந்தப் பாதைக்குப் பிரெஞ்சில் 'வுவா வெர்த்' என்று பெயர். பசுமை வழி என்று சொல்லலாம். அழகுக்காக வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். 2004-இலிருந்து பிரான்சின் போக்குவரத்து விதிகளில் சட்டப்படி விளக்கம் உள்ள சொல் அது. மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் போகிறவர்கள், இவர்களுக்கு மட்டுமே உரிய பாதை. நீலச் சதுரப் பலகை வைத்திருப்பார்கள். ஊர்ச் சாலை குறுக்கே வரும் இடங்களில் இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி இருக்கிறது, கார் உள்ளே நுழைய முடியாது. நாம் அங்கே நின்று பார்த்துக் கடக்க வேண்டும். மற்ற இடத்தில் நம் பாட்டுக்குப் போகலாம்.

நாங்கள் போனது பிரான்சின் கிழக்குப் பகுதியில் உள்ள பர்கண்டி. அங்கே போன் என்று ஓர் ஊர். (தொலைபேசி இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்.) அங்கிருந்து தெற்கே ஷாலோன், க்ளூனி வழியாக மாகோன்வரை போகலாம். மொத்தம் 120 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். நல்ல சைக்கிள்காரர் ஒரே நாளில் முடித்துவிடுவார். நாங்கள் ஆறு நாள் எடுத்துக்கொண்டோம்.

லியோனிலிருந்து போன் நகருக்கு 'டெர்' என்னும் உள்ளூர் ரயில் போகிறது. அதில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம், மாட்டிவைக்கக் கொக்கி இருக்கிறது. போன் நகரில் எல்லோரும் பார்ப்பது ஒரு பழைய ஆஸ்பத்திரி. நூறு ஆண்டுப் போர் முடியாத காலம், ஊரெங்கும் பஞ்சம். 1443-இல் நிக்கோலா ரோலாங் என்ற அரச அதிகாரியும் அவர் மனைவி கிகோனும் ஏழைகளுக்காகக் கட்டினார்கள். கூரையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, பழுப்பு ஓடுகள் கோலம் போட்ட மாதிரி அடுக்கியிருக்கும். உள்ளே நீண்ட கூடத்தில் இரண்டு பக்கமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள். நோயாளி படுத்தபடியே கோடியில் உள்ள தேவாலயப் பூசையைப் பார்க்கலாம். இதில் என்னை நிறுத்திவைத்த செய்தி, அந்தக் கட்டடத்தில் 1971 வரை நோயாளிகளைப் பார்த்தார்கள் என்பதுதான். ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஒரு தரும ஆஸ்பத்திரி எப்படி ஓடும்? குணமானவர்களும் ஊர்க்காரர்களும் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தத் தோட்டத்து ஒயினை 1859-இலிருந்து ஒவ்வொரு நவம்பரும் பொது ஏலத்தில் விற்கிறார்கள். புது ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பணம் போகிறது. நாங்கள் ஒயின் குடிக்கிறவர்கள் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

முதல் நாள் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 22 கிலோமீட்டர், சாந்த்னே என்ற கிராமம்வரை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது முழுக்க முழுக்கப் பசுமை வழி இல்லை. தோட்டக்காரர்களின் டிராக்டர் போகிற சின்னச் சாலைகள். மேடு பள்ளமும் உண்டு. ஆனால் டிராக்டர் ஓட்டுகிறவர் நம்மைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, கை தூக்கிவிட்டுப் போகிறார். கொடிகளின் இரு பக்கமும் நடந்து போகிற அளவு உயரம் உள்ள டிராக்டர், பெரிய கொக்கு மாதிரி இருக்கும்.

காது விஷயத்துக்கு வருகிறேன். பாதையில் கார் இல்லைதான், ஆனால் மற்ற சைக்கிள்கள் உண்டே. பின்னால் வருபவர் பெல் அடிப்பார், இவருக்குக் கேட்காது. எங்கள் பெண் இரண்டு ஏற்பாடு செய்திருந்தாள். இடது கைப்பிடியில் ஒரு சின்னக் கண்ணாடி. அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும், முந்துகிறவர் இடது பக்கமாக வருவார், அதனால் இடது. இன்னொன்று, மஞ்சள் ஜாக்கெட்டின் முதுகில் 'காது சரியாகக் கேட்காதவர்' என்று பிரெஞ்சில் பெரிதாக எழுதித் தந்தாள். இவருக்கு முதலில் கூச்சம். "முதுகில் போர்டு மாட்டிக்கிட்டுப் போகணுமா?" என்றார். இரண்டாம் நாள் ஒரு கூட்டமே, பள்ளிப் பிள்ளைகள் இருபது பேர், டீச்சரோடு பின்னால் வந்தார்கள். முன்னால் வந்த பையன் எழுத்தைப் படித்துவிட்டுக் கையைக் காட்டி எல்லோரையும் மெதுவாக்கினான். பக்கத்தில் வந்து இவர் முகம் பார்க்கும் இடத்திலிருந்து கை ஆட்டினான். அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் அதேபோல் கை ஆட்டிக்கொண்டு போனது. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து ஜாக்கெட்டைப் போடச் சொல்லி நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சாந்த்னேயிலிருந்து ஷாலோன்வரை கால்வாய்க் கரை. இந்த நடுக் கால்வாயை 1783-இல் வெட்டத் தொடங்கி 1793-இல் திறந்தார்கள். சோன் ஆற்றையும் லுவார் ஆற்றையும் இணைக்கிறது, நீளம் 112 கிலோமீட்டர். ஒரு காலத்தில் நிலக்கரியும் கல்லும் படகில் போயின. படகைக் கரையிலிருந்து இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த இழுப்புப் பாதைதான் இப்போது சைக்கிள் பாதை. படகு இழுக்க வெட்டியதால் மேடே கிடையாது. மதகு வருமிடத்தில் மட்டும் ஓர் ஆள் உயரம் ஏறி இறங்கும்.

ஷாலோன் ஊருக்குள் நுழையும்போது கொஞ்ச தூரம் சாதாரணச் சாலையில் போக வேண்டியிருக்கிறது. எனக்கு நெஞ்சு படபடத்தது. அவருக்கு முன்னால் நான் போய்த் திருப்பங்களில் நின்று கை காட்டினேன். இந்த ஊரில்தான் 1765-இல் நிசெஃபோர் நியெப்ஸ் பிறந்தார். உலகின் முதல் புகைப்படங்களை எடுத்தவர். பக்கத்துக் கிராமத்தில் தன் வீட்டு ஜன்னலிலிருந்து 1827 வாக்கில் அவர் எடுத்த படம் இன்றைக்கும் இருக்கிறது, அமெரிக்காவில். ஆற்றங்கரையில் அவர் பெயரில் ஒரு புகைப்பட அருங்காட்சியகம் உண்டு. நம் போட்டோ கிளப்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஷாலோனுக்கு மேற்கே ஜிவ்ரி என்ற சிற்றூர். அங்கிருந்து க்ளூனிவரை 44 கிலோமீட்டர். பிரான்சின் முதல் பசுமை வழி இதுதான், 1997-இல் திறந்தார்கள். அதற்கு முன் இது ரயில் பாதை.

ஷாலோனிலிருந்து க்ளூனி வழியாக மாகோனுக்குச் சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பால், ஒயின், கல், ஆள் எல்லாம் அதில்தான். கார் வந்தது, லாரி வந்தது, ரயிலில் கூட்டம் குறைந்தது, நிறுத்திவிட்டார்கள். உலகம் முழுக்க நடந்த கதைதான். அடுத்து என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். தண்டவாளத்தைப் பிடுங்கி இரும்பாக விற்பார்கள். நிலத்தைத் துண்டு துண்டாகப் பக்கத்து நிலக்காரர் வாங்கிக்கொள்வார். ஒருவர் கொட்டகை போடுவார், இன்னொருவர் வேலி போடுவார். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அங்கே ரயில் போனதற்கான அடையாளமே இருக்காது.

ஒரு பாதையில் இரண்டு பக்கமும் நாற்பது கிலோமீட்டர் இருந்து, நடுவில் நூறு மீட்டர் மட்டும் கைமாறிவிட்டால் அது பாதை இல்லை. நீளமான இரண்டு முட்டுச்சந்து. இதை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டது இல்லை. அந்த மாவட்ட மன்றம் தடத்தை முழுசாக வைத்துக்கொண்டு, மேலே தார் போட்டு, பலகை நட்டது. கிட்டத்தட்ட மூன்று மீட்டர் அகலம். பாலங்கள் அப்படியே இருக்கின்றன. பழைய ஸ்டேஷன்கள் சில இப்போது சைக்கிள் வாடகைக் கடையாகவும் டீக்கடை மாதிரியும் ஆகியிருக்கின்றன. ஊர்ப் பெயர் எழுதிய பலகை மட்டும் சுவரில் பழையபடி இருக்கும், ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

நம் வயசுக்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. நீராவி எஞ்சினுக்கு மேடு ஆகாது. அதனால் ரயில் பாதை போட்டவர்கள் மலையை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தடத்தைச் சமமாகக் கொண்டுபோனார்கள். நூறு மீட்டர் போனால் ஒன்று, இரண்டு மீட்டர் ஏறும், அவ்வளவுதான். முழங்கால் டாக்டர் என்னை ஓட்டலாம் என்று அனுப்பியது இந்தக் கணக்கைக் காட்டிய பிறகுதான். இரண்டு பக்கமும் மரங்கள் வளர்ந்து நிழல் விழுகிறது. வெள்ளை வெளேரென்று ஷரோலே மாடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் மேய்கின்றன. அந்த மாட்டு இனத்துக்குச் சொந்த ஊரே அந்தப் பகுதிதான்.

சத்தம் என்று என்ன இருந்தது என்று அன்றிரவு டைரியில் எழுதினேன்: என் செயின், டயரில் மாட்டிய சரளைக்கல், குயில், எங்கோ ஒரு ரம்பம், மணிக்கொரு தரம் கோயில் மணி. அவர் காது மெஷினைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். இதில் எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் தோளைப் பார்த்தால் தெரிந்தது. நம் ஊரில் ஓட்டிய கடைசி வருஷங்களில் அவர் தோள் காதுவரை ஏறியிருக்கும், எந்த நேரமும் பின்னாலிருந்து ஏதோ வரும் என்கிற மாதிரி. இங்கே தோள் இறங்கியிருந்தது. கண்ணாடியைக்கூட அடிக்கடி பார்க்கவில்லை.

இதைக் கேட்டு அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். வழியில் ஓர் ஊரில் ரொட்டிக் கடை அம்மாவிடம் பாதையைப் புகழ்ந்தேன். எங்கள் பெண் மொழிபெயர்த்தாள் (வார இறுதியில் அவளும் சேர்ந்துகொண்டாள்). அந்த அம்மா, "உங்களுக்கு நல்லதுதான். எனக்கு ஷாலோன் போக இன்னும் ரயில் இருந்திருந்தால் கார் வாங்கியிருக்க மாட்டேன்" என்றார். நியாயம்தானே? பஸ் ஓடுகிறது, ஆனால் ரயில் ரயில்தான். இதில் ஒரு வேடிக்கை, பாரிசிலிருந்து லியோன் போகும் அதிவேக ரயில் 1981-இலிருந்து இதே க்ளூனி பக்கமாகத்தான் போகிறது. ஒரு வெள்ளைக் கோடு மாதிரி பாய்ந்துவிடும். க்ளூனியில் நிற்காது.

வழியில் உள்ள ஊர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ப்யூசி, ஒயின் ஊர். சாங்-ஜாங்கூ, இடைக்காலச் சந்துகள் உள்ள ஊர். ராஜா காலத்தில் அதன் பெயரோடு 'ரோயால்' என்று ஒட்டு இருந்தது, குடியரசு வந்ததும் அதை எடுத்துவிட்டு 'நசியோனால்' என்று ஒட்டிக்கொண்டார்கள். கோர்மாதாங்கில் 17-ஆம் நூற்றாண்டு மாளிகை, அகழியும் தங்கமுலாம் பூசிய அறைகளும். எனக்கு அந்தத் தங்கம் கொஞ்சம் அதிகம். தோட்டத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

தெஸே குன்றின் மேல் இருக்கிறது, பாதையிலிருந்து விலகிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். சகோதரர் ரோஜே என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1940-இல் அங்கே வந்து, போருக்குத் தப்பி ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்தார். அது ஒரு மடமாக வளர்ந்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள். கோடையில் வாரா வாரம் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் வந்து கூடாரத்தில் தங்குகிறார்கள். பிரார்த்தனையில் நடுவே சில நிமிஷம் யாரும் பேசுவதில்லை, பாடுவதில்லை. அத்தனை பிள்ளைகள் இருந்த கூடத்தில் அந்த அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் என்னைத் தொட்டு, "மெஷின் நின்னுபோச்சா?" என்று சைகையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

க்ளூனியில் இரண்டு இரவு தங்கினோம். நீங்கள் போனால் மூன்று தங்குங்கள்.

910-இல் அக்குவித்தேன் பிரபு கியோம், தன் வேட்டை நிலத்தைத் துறவிகளுக்குக் கொடுத்துத் தொடங்கிய மடம் அது. அந்த மடம் எந்த உள்ளூர்ப் பிரபுவுக்கும் கட்டுப்பட்டதல்ல, நேராகப் போப்புக்கு மட்டுமே என்று எழுதிக்கொடுத்தார். தாமும் தம் வாரிசும் அதில் கைவைக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். அதனால்தான் வளர்ந்தது. ஐரோப்பா முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடங்கள் அதன் கீழ் வந்தன. 1088-இல் மூன்றாவது தேவாலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். முடிந்தபோது நீளம் 187 மீட்டர். நம் மெயின் கேட்டிலிருந்து பின் கேட்டுக்கு நடந்தால் ஏறக்குறைய அவ்வளவு. அதை ஒரே கூரையின் கீழ் நினைத்துப் பாருங்கள். ரோமில் இப்போதைய பீட்டர் தேவாலயம் எழும்வரை, கிறிஸ்தவ உலகத்தில் அதைவிடப் பெரிய ஆலயம் இல்லை.

இப்போது போனால் என்ன பார்ப்பீர்கள்? நுழைவாயில் பக்கம் தூண்களின் அடிப்பாகம். அப்புறம் வெட்டவெளி. அப்புறம் ஒரு சாலை. தூரத்தில் குறுக்கு மண்டபத்தின் தென்கை மட்டும், எட்டுப்பட்டைக் கோபுரத்தோடு தனியாக நிற்கிறது. அதற்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் முப்பது மீட்டர் உயரம். இது மொத்தத்தில் ஒரு சின்ன மூலைதான் என்று புரியும்போது கழுத்து வலிக்கிறது. மீந்தது பத்தில் ஒரு பங்குகூட வராது.

போரில் அழியவில்லை, பூகம்பத்தில் விழவில்லை. பிரெஞ்சுப் புரட்சியில் மடங்களின் சொத்து நாட்டுடைமை ஆனது. 1798-இல் வியாபாரிகளுக்கு விற்றார்கள். அவர்கள் வாங்கியது கல்லுக்காக. வெடி வைத்தும் பெயர்த்தும் 1823 வரை, இருபத்தைந்து வருஷம், கொஞ்சம் கொஞ்சமாகக் கல் விற்றார்கள். வண்டி போவதற்காக ஆலயத்தின் நடு மண்டபத்துக்குக் குறுக்கே சாலை போட்டார்கள். நெப்போலியன் காலத்தில் அந்தக் கல்லைக் கொண்டே, அந்த இடத்திலேயே, அரசாங்கக் குதிரைப் பண்ணை எழுந்தது. லாயம் இன்றைக்கும் இருக்கிறது, அழகான கட்டடம்தான், குதிரைகளும் நல்ல குதிரைகள்தான். மடத்தின் மற்றக் கட்டடங்களில் இப்போது பொறியியல் கல்லூரி நடக்கிறது. ஊருக்குள் நடந்தால், இந்த வீட்டுப் படி எங்கிருந்து வந்திருக்கும், அந்தக் கடைச் சுவர் எதன் மிச்சம் என்று கண் தேட ஆரம்பித்துவிடுகிறது.

டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், இல்லாத ஒன்றைத் திரையில் உயிர்ப்பித்துக் காட்டுவதைப் பார்க்கிறோம். திரையை வெற்றிடத்தின் பக்கம் திருப்பினால் தூணும் கூரையும் தெரிகின்றன. வெளியே வந்தால் பழைய ரயில் ஸ்டேஷன், அதிலிருந்து பாதை. யாரும் புகைப்படம் எடுக்காத அந்தத் தார்ப்பாதைமேல் எனக்கு அன்றைக்கு ஒரு மரியாதை வந்தது. இரண்டுமே ஒரே ஊரில் வேண்டாம் என்று கைவிடப்பட்டவை. ஒன்றை விலை பேசிப் பிரித்தார்கள். இன்னொன்றைப் பிரிக்காமல் வைத்திருந்து வேறு வேலை கொடுத்தார்கள். மடத்தை விற்றவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்களுக்கு அது பழைய அதிகாரத்தின் சின்னம், பசி வேறு. ஆனால் திரும்பக் கட்ட முடியாது, அதுதான் விஷயம். பாதையையும் விற்றிருந்தால் திரும்ப வாங்கியிருக்க முடியாது.

ஆறாம் நாள் க்ளூனிக்குத் தெற்கே புவா க்ளேர் என்ற ரயில் சுரங்கம். நீளம் 1.6 கிலோமீட்டர். விளக்கு உண்டு. கோடையிலும் உள்ளே சில்லென்று இருக்கும், ஸ்வெட்டரை மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இதை மூடிவிடுகிறார்கள், காரணம் வௌவால்! அவை உள்ளே தொங்கிக்கொண்டு குளிர்கால உறக்கம் கொள்கின்றன. அப்போது வருகிற சைக்கிள்காரர்கள் மலை மேல் ஏறிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். அந்தச் சுரங்கத்தில் நான் விளையாட்டுக்குப் பெல் அடித்தேன். சுவரில் மோதிப் பெருகியது. அவர் முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தார். அந்த ஆறு நாளில் என் பெல் அவருக்குக் கேட்டது அந்த ஒரு தடவைதான். வெளிச்சத்துக்கு வந்ததும் சைக்கிளை நிறுத்தி, "இன்னொரு தரம் போய்ட்டு வரலாமா?" என்றார். போய்விட்டு வந்தோம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் கூடிப்போனது.

சுரங்கத்தைத் தாண்டினால் பெர்ஸே-லா-வில்லில் துறவிகளின் சிறு கோயில் ஒன்று. க்ளூனி மடாதிபதிகள் ஓய்வுக்கு வந்த இடம். 12-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்து கிடந்து 1887-இல்தான் வெளியே தெரிந்தன. நீலப் பின்னணியில் ஏசு அமர்ந்திருக்கிறார். க்ளூனியின் பெரிய ஆலயத்தில் இருந்த ஓவியம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க இது ஒன்றுதான் வழி என்கிறார்கள். அடுத்து சொலூத்ரே பாறை, கப்பலின் முன்பக்கம் மாதிரி நீட்டிக்கொண்டு, 493 மீட்டர். அதன் அடிவாரத்தில் ஆதிமனிதர் வேட்டையாடிய குதிரைகளின் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. ஒரு கற்காலப் பண்பாட்டுக்கே இந்த ஊர்ப் பெயரை வைத்திருக்கிறார்கள். நான் கீழே நின்றுகொண்டேன், அவர் ஏறினார்.

இனிப் போக நினைப்பவர்களுக்காகச் சில விஷயம். மே, ஜூன் அல்லது செப்டம்பர் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிப் பதினைந்து நாளுக்குத் தள்ளாதீர்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சைக்கிளை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அங்கே வாடகைக்குக் கிடைக்கும். பேட்டரி சைக்கிளும் உண்டு. அங்கே அது 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் உதவாது, நாமும் மிதிக்க வேண்டும். நான் அதில்தான் போனேன். அதற்காக யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். தங்கும் இடத்தில் 'அக்கெய் வெலோ' என்ற பலகை இருக்கிறதா பாருங்கள். சைக்கிள்காரர்களுக்கென்று பூட்டி வைக்கும் இடமும் ரிப்பேர் சாமானும் வைத்திருப்பார்கள்.

சாப்பாடு. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை சின்ன ஊர்க் கடைகள் மூடிவிடும், திங்கட்கிழமை பல கடைகள் திறப்பதே இல்லை. காலையிலேயே ரொட்டி, சீஸ், பழம் வாங்கிக் கூடையில் போட்டுக்கொள்ளுங்கள். சைவக்காரர்களுக்கு ஓட்டலைவிட சமையலறை உள்ள வாடகை வீடு நல்லது. க்ளூனியில் சனிக்கிழமை காலைச் சந்தையில் காய்கறி வாங்கிச் சாம்பார் வைத்தோம், பொடி இங்கிருந்து போனது. தண்ணீருக்கு ஒரு ரகசியம்: கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் எப்போதும் குழாய் இருக்கும். குடிக்கக் கூடாத தண்ணீர் என்றால் எழுதியிருப்பார்கள், அதை மட்டும் படிக்கக் கற்றுக்கொண்டு போங்கள். எதிரே யார் வந்தாலும் 'போன்ஜூர்' சொல்லிவிடுங்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் அதுதான், அப்புறம்தான் விலை கேட்பதெல்லாம்.

வரைபடமும், அந்த முதுகு எழுத்து ஜாக்கெட்டும், கைப்பிடிக் கண்ணாடியும் பின்னால் மேசையில் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். காது மெஷின் போட்டவர்கள், போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் போடாமல் இருப்பவர்கள், என்னிடம் அல்ல, அவரிடம் கேளுங்கள். முன்னால் வந்து முகம் பார்த்துப் பேசினால் நன்றாகவே பதில் சொல்வார். பார்க்கிங்கில் நிற்கும் சைக்கிளுக்குப் போன வாரம் டயர் மாற்றியாயிற்று. இப்போதைக்குக் காலை ஐந்தரை மணிக்கு, நம் காம்பவுண்டுக்குள் மட்டும், இரண்டு சுற்று. அந்த நேரத்தில் கார் எடுப்பவர்கள் தயவுசெய்து மெதுவாக வாருங்கள், ஹாரன் அடித்துப் பயன் இல்லை.

டீ வந்துவிட்டது.